சுவரில் நகல், பெட்டியில் அசல்: பழைய புகைப்படங்களுக்கு வீட்டிலேயே சட்டம் போடும் வழி

நம் வீடுகளில் பழைய புகைப்படங்கள் பெட்டியில் கிடந்து கெடுவதைவிடச் சுவரில் தொங்கிக் கெடுவதே அதிகம். கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி கல்யாணப் படத்தைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி நேராகப் படத்தின் மேல் அழுந்தியிருக்கும். பின்னால் மைதாப் பசை தடவிய அட்டை, அதற்குப் பின்னால் ஹார்ட்போர்டு, அதற்கும் பின்னால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர். முன்பக்கம் சந்தனம், குங்குமம், தண்ணீர் தெளித்த பூமாலை, ஊதுபத்திப் புகை. இத்தனையையும் தாங்கிக்கொண்டு அறுபது எழுபது வருஷம் ஒரு படம் நிற்கிறதென்றால், அன்றைய ஸ்டுடியோக்காரர் பிரிண்டை ஒழுங்காகக் கழுவிக் கொடுத்தார் என்று அர்த்தம்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அசல் படத்தை இருட்டில் வையுங்கள், சுவரில் நகலை மாட்டுங்கள். அசலைத்தான் மாட்டுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் கீழே சொல்லும் சட்டம் போடும் முறை பொருந்தும். ஆனால் அவர்கள் ஒரு படியையும் விடக்கூடாது.

கையில் இருப்பது எந்த வகைப் படம்?

1970களுக்கு முந்தைய கருப்பு வெள்ளைப் படமென்றால் பின்பக்கம் சாதாரணக் காகிதம் போலவே இருக்கும், ஓரங்கள் சுருண்டிருக்கும். காகிதத்தின் மேல் ஜெலட்டின் படலம், அதற்குள் வெள்ளித் துகள்கள். நாம் பார்க்கும் முகம் அந்த வெள்ளிதான். ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பொருள். ஈரம் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது நல்ல தீனி.

பின்னால் வந்த கலர்ப் படங்கள் பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் அச்சானவை. முதுகில் கம்பெனிப் பெயர் வரிவரியாக இருக்கும். இவற்றில் வெள்ளி இல்லை, சாயம்தான். சாயம் வெளிச்சத்தில் மட்டுமல்ல, இருட்டிலும் மெல்ல மெல்லப் போகும். 70, 80களில் எடுத்த படங்கள் பல ஒரே சிவப்பாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்றச் சாயங்களுக்கு முன்னால் நீலப்பச்சைச் சாயம் போய்விட்டதன் விளைவு அது. போன நிறத்தைத் தாளில் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் வேலையை எதில் தொடங்குவது என்று கேட்டால், கொள்ளுத் தாத்தாவின் கருப்பு வெள்ளைப் படத்தில் அல்ல, அம்மா அப்பாவின் கலர் ஆல்பத்தில் தொடங்குங்கள் என்பேன். வயதில் இளையது என்றாலும் அதற்குத்தான் அவசரம்.

கன்னத்துக்கு ரோஸும் நகைக்கு மஞ்சளும் கையால் தீட்டிய படங்கள் தனி வகை. அவற்றின் மேல் ஈரத்துணி மட்டும் படவே கூடாது. கருப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தில், இருண்ட இடங்களில், நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். உள்ளிருக்கும் வெள்ளியே மேலே வந்து படிந்திருக்கிறது. தேய்த்தால் படம்தான் தேயும்.

பழைய சட்டத்தைப் பிரிப்பது

மேசையில் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். பின்பக்கப் பழுப்புத் தாளை பிளேடால் ஓரத்தில் கீறி எடுத்தால் வரிசையாகச் சின்ன ஆணிகள் தெரியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஹார்ட்போர்டு எகிறிக் கண்ணாடி உடையும். நோஸ் பிளேயரால் ஆணியைப் பிடித்து, அது நிற்கும் திசையிலேயே நேராக இழுத்துவிடுங்கள். அப்புறம் சட்டத்தை மட்டும் மேலே தூக்குங்கள். கண்ணாடி, படம், அட்டை மூன்றும் ஒன்றாகக் கீழே நிற்கட்டும்.

உள்ளே திணித்திருக்கும் காகிதங்களை உடனே குப்பையில் போடவேண்டாம். இடைவெளியை நிரப்பக் கடைக்காரர்கள் பழைய காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை, தினத்தாள் என்று கைக்கு வந்ததை வைப்பார்கள். அதிலிருக்கும் தேதி, படத்துக்கு எப்போது சட்டம் போட்டார்கள் என்பதைச் சொல்லிவிடும். போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு எறியுங்கள். தடித்த அட்டையில் படத்தை ஒட்டி, கீழே ஸ்டுடியோ பெயரும் ஊரும் அழுத்தி அச்சிட்டிருந்தால், அந்த அட்டையும் படத்தின் அங்கம்தான். பிய்க்கவோ ஓரத்தை வெட்டவோ வேண்டாம்.

இப்போது முக்கியமான சோதனை. கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சில இடங்கள் மட்டும் நனைந்தாற்போல் கருத்துப் பளபளத்தால் அங்கே படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதை இழுக்காதீர்கள். ஹேர் டிரையர், ஃபிரிட்ஜ், தண்ணீரில் ஊறவைப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் முகம் கண்ணாடியோடு போய்விடும் அபாயம் உண்டு. கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். மெல்லிய, எடை குறைந்த ஸ்கேனர்களில் பலவற்றுக்குக் கண்ணாடியின் கனத்தைத் தாண்டித் தெளிவாகப் பார்க்கும் திறன் இல்லை. படம் மங்கலாக வரும். அப்போது ஜன்னலோரம் தரையில் வைத்து, நேர் மேலிருந்து கேமராவால் எடுப்பதே மேல். உங்கள் தலையும் கையும் கண்ணாடியில் தெரியாமலிருக்க, கருப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். பிறகு அசலைக் கண்ணாடியோடேயே தாளில் சுற்றி வைத்துவிடலாம்.

தூசும் பூஞ்சையும்

புதிதாக வாங்கிய மேக்கப் பிரஷ் போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல் தட்டிவிடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட், எச்சில், ரப்பர் எதுவும் வேண்டாம். பூஞ்சை பூத்திருந்தால் உடனே துடைக்கக்கூடாது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது ஜெலட்டினுக்குள் இழைந்துவிடும். ஏசி ஓடும் அறையிலோ காற்றோட்டமான நிழலிலோ ஓரிரு நாள் காயவிட்டு, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வாசலில் வைத்துத் தட்டுங்கள். மொட்டை மாடி வெயிலில் வற்றல் போலக் காயப்போடுபவர்கள் உண்டு. படம் சுருண்டு, வெடித்து, வெளிறித் திரும்பி வரும்.

80களில் வந்த பசைக் கோடு போட்ட ஆல்பங்களில் (மேலே பிளாஸ்டிக் தாளை உரித்துப் படத்தை வைத்து மூடுவோமே, அதுதான்) இருக்கும் படங்களை எடுக்க, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, மெதுவாக அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம்.

நகல்

சாதாரண அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. போதும், பாஸ்போர்ட் அளவென்றால் 1200. கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை, மை, மடிப்பு எல்லாம் அப்போதுதான் பிரித்துத் தெரியும், பின்னால் நீக்கவும் எளிது. மூலக் கோப்பை டிஃப் வடிவில் சேமித்துத் தொடாமல் வைத்துவிட்டு, வேலைக்கு ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு ஊரிலிருக்கும் அண்ணன் தங்கை வீட்டில் கொடுத்துவையுங்கள். பென் டிரைவை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: கறையை மட்டும் எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். இல்லாவிட்டால் ஆச்சி முகத்துச் சுருக்கம் போய், நிறம் இரண்டு படி வெளுத்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் வந்திருக்கும். தாள் மேட் வகையாக இருந்தால் ட்யூப்லைட் பிரதிபலிக்காது. பிக்மென்ட் மையில் அச்சிடும் இடம் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம். சாய மையைவிட வெகுகாலம் நிறம் நிற்கும். லேமினேஷன் நகலுக்குச் செய்துகொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. அசலுக்குக் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

சட்டம் போடுவது

கடையில் சட்டத்தையும் கண்ணாடியையும் மட்டும் செய்து வாங்கி, உள்ளே அடுக்கும் வேலையை வீட்டில் நீங்களே செய்யுங்கள். எல்லாக் கோளாறும் அடுக்குவதில்தான் நடக்கிறது.

6 × 8 அங்குலப் படம் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் உள்ளளவு 10 × 12 அங்குலம். கண்ணாடி 2 மி.மீ. சட்டத்தின் பின்பக்கக் காடி குறைந்தது 12 மி.மீ. ஆழம் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் மலிவு பைபர் சட்டங்களில் காடி ஆழம் போதாமல், அட்டை வெளியே துருத்தும். ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு இரண்டு, 10 × 12 அளவில் வாங்குங்கள். படக்கலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மலிவு அட்டையிலுள்ள அமிலம் சில வருஷத்தில் படத்தின் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

ஒரு போர்டின் நடுவில் ஜன்னல் வெட்டவேண்டும். ஜன்னலின் அளவு 5¾ × 7¾ அங்குலம். அதாவது நாலு பக்கமும் சுமார் 3 மி.மீ. படத்தின் மேல் ஏறி நிற்கும். புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், அழுத்தாமல் நாலைந்து முறை இழுப்பு. சரிவான 45 பாகை வெட்டு வேண்டுமென்றால் அதற்கான கட்டர் தேவை. கடையிலேயே வெட்டித் தரச் சொல்லிவிடுவது நல்லது. இந்த ஜன்னல் போர்டு அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று நிற்க இடம் கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. ஜன்னல் பிடிக்காதென்றால், 3 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் பட்டையைக் காடியின் உள்விளிம்பில் கண்ணாடிக்குப் பின்னால் நாலு பக்கமும் வைத்துவிடுங்கள். எப்படியானாலும் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது.

இனி இரண்டாவது போர்டில் படத்தைப் பொருத்த வேண்டும். ஃபெவிகால், செல்லோடேப், டபுள் சைடு டேப், மைதாப் பசை எதுவும் படத்தில் படக்கூடாது. மூலைக் காகிதம் செய்துகொள்ளுங்கள். ஆசிட் இல்லாத தாளில் 5 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் நாலு துண்டு. துண்டை நீளவாக்கில் கிடத்தி, நடுப்புள்ளியிலிருந்து இடது பாதியையும் வலது பாதியையும் கீழ்நோக்கி மடித்தால் மேலே கூரான முக்கோணம் கிடைக்கும். அதற்குள் படத்தின் மூலையைச் செருகுங்கள். மடிப்பு படத்தின் பின்பக்கம் வரட்டும். நாலு மூலையிலும் போட்டு, படத்தைப் போர்டின் நடுவில் வைத்து, மூலைக் காகிதங்களை மட்டும் பேப்பர் டேப்பால் போர்டோடு ஒட்டுங்கள். இறுக்கவேண்டாம், ஒரு மி.மீ. தளர்வு இருக்கட்டும். ஐப்பசி ஈரத்தில் காகிதம் விரியும், சித்திரையில் சுருங்கும். இடம் இல்லாவிட்டால் படம் அலையலையாகப் புடைக்கும். நாளைக்கு வெளியே எடுக்கவேண்டுமென்றால் மூலையிலிருந்து உருவினால் போதும்.

அதன் மேல் ஜன்னல் போர்டை வைத்து, மேல் ஓரத்தில் மட்டும் புத்தக அட்டை மாதிரி டேப்பால் இணையுங்கள். கண்ணாடியை இருபக்கமும் துடைத்து முழுதாகக் காயவிட்டு மேலே வையுங்கள். கடைசியில் முதுகுத் தகடு. ஹார்ட்போர்டுக்குப் பதிலாக, விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் அலையலையான பாலிபுரொப்பிலீன் தகடு, அதாவது சன்பேக் ஷீட், நல்லது: அமிலம் இல்லை, ஈரம் உறிஞ்சாது, கரையான் அரிக்காது. கடைக்காரர் சன்போர்டை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். அது பி.வி.சி.; படத்துக்கு ஆகாது.

கண்ணாடி, ஜன்னல், படம், முதுகுத் தகடு எல்லாம் சேர்ந்த இந்த அடுக்கின் நாலு விளிம்பையும் டேப்பால் சுற்றி மூடுங்கள். தூசியும் பூச்சியும் நுழைய வழியிருக்காது. ஆனால் மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே மூடிவிடுவீர்கள். மாசி, பங்குனியில் செய்வது உத்தமம். முடியாதென்றால் போர்டு எல்லாவற்றையும் ஒரு நாள் ஏசி அறையில் போட்டுவைத்து அங்கேயே மூடுங்கள். பிறகு சட்டத்துக்குள் இறக்கி, சின்ன ஆணிகளைச் சுத்தியலால் அடிக்காமல் பிளேயரால் அழுத்தி ஏற்றுங்கள்.

மாட்டுவது

பாத்ரூமை ஒட்டிய சுவர், மாடித் தண்ணீர் இறங்கும் சுவர், சமையலறை, எதிர் வெயில் விழும் சுவர் ஆகியவற்றை விடுங்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பட்டனோ தக்கைத் துண்டோ ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று போகும். செட்டிநாட்டு வீடுகளில் படங்களைக் கூரைக்குக் கீழே முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அண்ணாந்து பார்க்க வசதி. கூடவே முதுகு சுவரில் ஒட்டாமல் தப்பியது.

இறந்தவர் படத்துக்குப் பொட்டும் மாலையும் வைக்காதே என்று நம் வீட்டில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கண்ணாடியின் நடுவில் நெற்றி வரும் இடத்தில் மட்டும் வையுங்கள். கீழ் விளிம்பில் வரிசையாக வைக்கும் பொட்டுதான் வழிந்து காடிக்குள் இறங்கி, கீழிருந்து படத்தை ஊறவைக்கும். பூமாலையை உதறி ஈரம் போக்கிப் போடுங்கள், மறுநாள் எடுத்துவிடுங்கள். அல்லது ஏலக்காய் மாலை, சந்தனச் சீவல் மாலை. விளக்கும் ஊதுபத்தியும் ஓரடி தள்ளி இருக்கட்டும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் அடித்துக்கொண்டு துடைக்க வேண்டும், கண்ணாடியில் நேரே அடிக்கக்கூடாது. வருஷத்தில் இரண்டு தடவை, ஆயுத பூஜைக்கும் போகிக்கும், எப்படியும் வீட்டைக் கழுவிவிடுவோம். அன்று படத்தைக் கழற்றி முதுகைப் பாருங்கள். ஒன்று மழைக்கு முன், இன்னொன்று மழைக்குப் பின்.

அசலை எங்கே வைப்பது?

படத்துக்கு ஒரு காகித உறை. பிளாஸ்டிக் உறைகளில் பாலியெஸ்டரும் பாலிபுரொப்பிலீனும் படத்தைக் கெடுக்காது, பி.வி.சி. கெடுக்கும். ஆனால் நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிளாஸ்டிக்கைவிடக் காகிதத்தையே சிபாரிசு செய்வேன், உள்ளே வியர்த்துப் படம் ஒட்டிக்கொள்ளாது. பாக்கெட்டின் மேல் பி.ஏ.டி. சோதனையில் தேறியது என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். உறையின் காகிதமோ பசையோ படத்தில் கறை ஏற்றுமா, நிறத்தைப் போக்குமா என்று பார்க்கும் சோதனை அது, ஐ.எஸ்.ஓ. 18916 என்ற தரத்தில் வருவது.

உறைகளை ஆசிட் இல்லாத அட்டைப்பெட்டியில் கிடத்தி, ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரண் ஆகாது, கொதிக்கும், தரையும் ஆகாது. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பீரோவுக்குள் போட்டுவையுங்கள். 30க்கும் 50க்கும் இடையில் இருப்பது நல்லது. 65ஐத் தாண்டியே நின்றால் பூஞ்சை வரும். மூடி இறுகிய டப்பாவுக்குள் சிலிகா ஜெல்லோடு பெட்டியை வைத்து, ஜெல் நிறம் மாறும்போது மாற்றுங்கள். பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும், பாச்சை உருண்டையின் ஆவி படத்துக்கு நல்லதல்ல, இரண்டும் வேண்டாம். நெகட்டிவ்கள் இருந்தால் தனியாக வையுங்கள். வினிகர் வாடை வந்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை உடனே ஸ்கேன் செய்து மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

உறையில் போடுவதற்கு முன்னால் உறையின் மேல் பெயரை எழுதுங்கள். எழுதிவிட்டுப் படத்தை வைக்க வேண்டும், வைத்துவிட்டு எழுதினால் பேனா அழுத்தம் முகத்தில் விழும். படத்தின் முதுகிலேயே எழுதுவதானால் 2பி பென்சிலில், ஓரமாக, மெல்ல. பிளாஸ்டிக் முதுகுள்ள கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையே போதும். ‘பெரியப்பா’, ‘திருச்சி அத்தை’ என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்குப் பெரியப்பா? எழுதியவர் போனபின் அந்த உறவைக் கணக்குப்போட ஆள் இருக்காது. முழுப்பெயர், ஊர், உத்தேசமாக வருஷம், நிற்கும் வரிசை இடமிருந்து வலமாக. தெரிந்த பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, போனில் குரலையும் பதிவுசெய்துகொண்டு கேளுங்கள்.

வெள்ளம் புகுந்துவிட்டால்

2015 டிசம்பரில் சென்னையில் நனைந்த ஆல்பங்கள் பல, அப்படியே காயவிட்டதால் ஒரே கட்டியாகிப் போயின. நனைந்த படம் அடுக்கிலேயே காயக்கூடாது. கண்ணாடிச் சட்டத்திலிருக்கும் படத்தையும் ஈரமாக இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சேற்றுப் படங்களைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் உள்ள அகலமான தட்டில் போட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். படத்தின் முகத்தைக் கையால் தேய்க்காமல், தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கையால் நிறம் தீட்டிய படங்களை மட்டும் இப்படி அலசாமல் தனியே எடுத்து வையுங்கள். பிறகு பருத்தித் துணியில் முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். மின்விசிறி மெதுவாக ஓடட்டும். இரண்டு நாளுக்குமேல் ஈரத்தில் விடக்கூடாது. அதற்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், கழுவியவற்றின் நடுவே மெழுகுத்தாள் வைத்துப் பாலித்தீன் பையில் போட்டு, கரண்ட் இருக்கும் வீட்டின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு சாவகாசமாக ஒரு பையாக எடுத்து, பனி விடவிட ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்கலாம்.